பழைய கம்ப்யூட்டரை வீட்டு சர்வராக்குவது எப்படி: முதன்முறை செய்பவர்களுக்கு

ஓட்டலில் போய் உட்கார்ந்ததும் சர்வர் வந்து நிற்பார். நாம் கேட்பதைக் காதில் வாங்கிக்கொண்டு சமையலறைக்குப் போய், எடுத்து வந்து வைப்பார். உள்ளே எந்தப் பாத்திரம் எங்கே இருக்கிறது என்பது நமக்குத் தெரியத் தேவையில்லை. ஒரே ஆள் நான்கு மேசைகளைக் கவனிப்பார். கடை திறந்திருக்கும் வரை உட்காரமாட்டார்.

கம்ப்யூட்டர் துறையில் சர்வர் என்று சொல்வதும் இந்த வேலையைத்தான். அந்தச் சொல்லைக் கேட்டதும் ஏசி அறையும் வரிசையாக விளக்கு மின்னும் கறுப்புப் பெட்டிகளும் கண்ணுக்கு வருவதால், இது நமக்கானதில்லை என்று பலர் ஒதுங்கிவிடுகிறார்கள். எப்போதும் விழித்திருந்து, கேட்டவருக்குக் கேட்ட கோப்பை எடுத்துக் கொடுக்கும் எந்தக் கம்ப்யூட்டரும் சர்வர்தான். பரணில் கிடக்கும் உங்கள் பழைய டெஸ்க்டாப்புக்கும் அந்த வேலை தெரியும்.

நான் இதில் இறங்கியதற்குக் காரணம் என் அத்தை. போன பொங்கலுக்கு நங்கநல்லூர் வீட்டில் எல்லோரும் கூடியிருந்தபோது, “ஏம்மா, வசந்தி கல்யாண வீடியோவைக் கொஞ்சம் டிவியில போடேன், சின்னதுங்க பாக்கணுங்கறாங்க” என்றார். 1996-இல் நடந்த கல்யாணம். முதலில் கேசட்டாக இருந்து, பிறகு சிடிக்கு மாறியது. வீட்டில் இருந்த நான்கு பென் டிரைவ்களையும் போட்டுப் பார்த்தோம். என் லேப்டாப்பில் இல்லை, கொழுந்தனார் போனில் பாதி இருந்தது. ஒரு மணி நேரத்துக்குப் பிறகு பீரோவுக்கு மேல் இருந்த பையில் சிடி கிடைத்தது. அதைப் போட்டுப் பார்க்க வீட்டில் சிடி டிரைவ் இல்லை. பிள்ளைகள் அதற்குள் மொட்டை மாடிக்குப் போய்விட்டார்கள்.

அன்றைக்குப் புரிந்தது இதுதான்: எங்கள் வீட்டில் படங்களும் வீடியோக்களும் நிறைய இருந்தன, அவற்றுக்கு ஒரு விலாசம் இல்லை. வீட்டு சர்வர் கொடுப்பது முதலில் அந்த விலாசத்தைத்தான். போன், டிவி, லேப்டாப் எதிலிருந்து கேட்டாலும் எல்லாம் ஒரே இடத்திலிருந்து வரும். கூகுள் போட்டோஸில் ஏற்றிவிடலாமே என்று கேட்பீர்கள். 2021 ஜூன் 1 முதல் அங்கே அளவில்லா இலவசம் கிடையாது. ஜிமெயில், டிரைவ் எல்லாம் சேர்த்து 15 ஜிபிதான். பிள்ளைகள் இருக்கிற வீட்டுக்கு அது எத்தனை மாதம் வரும்?

எந்த மெஷின் தேறும்?

விண்டோஸ் 10-க்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14 அன்று நிறுத்தியது. விண்டோஸ் 11 ஏற்காத, ஆனால் நன்றாக ஓடுகிற ஏராளமான கம்ப்யூட்டர்கள் அதனால் ஓரமாகப் போயின. சர்வர் வேலைக்கு அவையெல்லாம் தாராளம். 2011-இல் தொடங்கிய தமிழக அரசின் இலவச லேப்டாப் திட்டத்தில் கிடைத்த லேப்டாப் உங்கள் வீட்டு அலமாரியில் இருந்தால் அதையும் எடுத்துப் பாருங்கள். வெறுமனே கோப்புகளை வைத்துக் கொடுக்க 2 ஜிபி ராம் போதும். படம் ஓட்டும் மென்பொருளும் சேர வேண்டுமென்றால் 4 ஜிபி இருந்தால் நிம்மதி. பிராசசர் 64 பிட்டாக இருக்கட்டும். 32 பிட் மெஷின்களை, விண்டோஸுக்குப் பதிலாக நாம் போடப்போகும் இலவச சிஸ்டமான லினக்ஸின் உலகமும் மெல்லக் கைவிட்டு வருகிறது. டெபியன் என்ற லினக்ஸ் வகையின் 13-ஆம் பதிப்பில் அவற்றுக்கான நிறுவல் வழி இல்லை.

ராம், பிராசசரை விட நான் முக்கியமாகப் பார்க்கச் சொல்வது மின்சாரத்தை. இந்த மெஷின் இரவும் பகலும் ஓடப் போகிறது. கணக்கு எளிது. 50 வாட் இழுக்கும் டெஸ்க்டாப் ஒரு நாளைக்கு 1.2 யூனிட் எடுக்கும். நமக்குக் கரண்ட் பில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வருவதால் 60 நாளைக்குக் கணக்கிட்டால் 72 யூனிட். அதே வேலையை 15 வாட்டில் ஓடும் லேப்டாப் செய்தால் ஏறக்குறைய 22 யூனிட். பென்டியம் 4 காலத்துப் பெட்டி என்றால் 100 வாட்டைச் சாதாரணமாகத் தொடும், அதாவது 144 யூனிட். நம் ஊர் கட்டணம் படிப்படியாக ஏறுவது. ஏற்கெனவே ஏசி ஓடும் வீட்டில் இந்தக் கூடுதல் யூனிட் எல்லாம் மேல்படி விலையில்தான் விழும். அதனால் பென்டியம் 4 இருந்தால் விட்டுவிடுங்கள். அது மிச்சப்படுத்தும் காசைக் கரண்ட் பில் சாப்பிட்டுவிடும். செருகி அளக்கும் சின்ன மின் மீட்டர் கடைகளில் கிடைக்கிறது. ஒன்று வாங்கி ஒரு நாள் மாட்டிப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

லேப்டாப் மின்சாரம் குறைவாக இழுக்கும். கரண்ட் போனால் அதன் பேட்டரியே யூபிஎஸ். ஆனால் ஒரு விஷயத்தில் மிகக் கவனமாக இருங்கள். ஏழெட்டு வருடப் பழைய லித்தியம் பேட்டரியை நாள் முழுக்கச் சார்ஜில் வைத்தால் அது உப்பக்கூடும். லேப்டாப்பைச் சமமான மேசையில் வைத்துப் பாருங்கள், ஆடுகிறதா? டச்பேட் ஒரு பக்கம் தூக்கியிருக்கிறதா, அழுத்தினால் கிளிக் ஆகாமல் கல் மாதிரி இருக்கிறதா? மூடியை மூடினால் நடுவில் இடைவெளி தெரிகிறதா? இதில் ஒன்று இருந்தாலும் ஆன் செய்ய வேண்டாம். பேட்டரியைக் கடையில் கொடுத்துக் கழற்றிவிட்டு அப்புறம் மற்றதை யோசிக்கலாம். நாமே கத்தியை வைத்து நெம்புவது ஆபத்து, அது தீப்பிடிக்கும் பொருள்.

டெஸ்க்டாப் என்றால் முதலில் பக்கவாட்டு மூடியைக் கழற்றுங்கள். எங்கள் பெட்டிக்குள் விரல் கனத்துக்குத் தூசி, பவர் சப்ளை பக்கத்தில் உடைந்த இரண்டு பல்லி முட்டை ஓடுகள். சூடான மூலை என்றால் பல்லிக்கும் கரப்பானுக்கும் பிடிக்கும். பலகையில் பல்லி நடந்து ஷார்ட் ஆன மெஷின்கள் நம் ஊரில் நிறைய. பெயின்ட் பிரஷ்ஷால் தூசியைத் தட்டி, பிராசசர் மேலிருக்கும், சூட்டைக் கடத்தும் பழைய பேஸ்ட்டைத் துடைத்துப் புதிதாகப் போட்டு, பின்பக்கம் திறந்திருக்கும் ஓட்டைகளைச் சின்னக் கண்ணி வலையால் மறைத்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் போதும்.

ரிச்சி தெருவுக்கு ஒரு நடை

சென்னை மவுண்ட் ரோட்டை ஒட்டிய ரிச்சி தெருவில் இதற்கு வேண்டியது எல்லாம் கிடைக்கும். என் பட்டியல் சின்னது. ஆபரேட்டிங் சிஸ்டம் போட ஒரு 128 ஜிபி எஸ்எஸ்டி, கோப்புகளுக்கு ஒரு 2 டிபி ஹார்ட் டிஸ்க், அதே அளவில் பேக்கப்புக்கு வெளியே செருகும் இன்னொரு டிஸ்க், ரவுட்டரோடு இணைக்க ஒரு கேட் 6 கேபிள், மதர்போர்டில் போடும் 2032 பட்டன் செல். இந்தச் செல்லைப் பலர் மறந்துவிடுவார்கள். அது தீர்ந்துபோன மெஷின் ஒவ்வொரு முறை கரண்ட் போய் வந்ததும் தேதியையும் அமைப்புகளையும் மறந்து, ‘ஏதாவது ஒரு பட்டனை அழுத்து’ என்று கறுப்புத் திரையில் காத்துக்கொண்டு நிற்கும். மானிட்டர் இல்லாத சர்வரில் அதை யார் அழுத்துவது?

லேப்டாப்பில் இரண்டாவது டிஸ்க்குக்கு இடமில்லையே என்றால், டிவிடி டிரைவைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் ஹார்ட் டிஸ்க்கைப் பொருத்தும் கேடி என்ற சட்டம் விற்கிறார்கள். அதன் கனம் 9.5 மிமீ, 12.7 மிமீ என்று இரண்டு வகை. பழைய டிரைவைக் கையோடு கொண்டுபோய் ஒப்பிட்டு வாங்குங்கள்.

பழைய மெஷினில் பழையதாக இருக்கக் கூடாதது ஒன்று உண்டென்றால் அது கோப்புகள் வைக்கும் டிஸ்க். கடையில் ‘புதுசு மாதிரியே இருக்கும் சார்’ என்று எடுத்துக் கொடுக்கும் டிஸ்க்கை வாங்கும் முன் ஸ்மார்ட் விவரத்தைப் போட்டுக் காட்டச் சொல்லுங்கள். ஹார்ட் டிஸ்க் தன்னைப் பற்றித் தானே எழுதிவைக்கும் குறிப்பு அது. எத்தனை மணி நேரம் ஓடியிருக்கிறது என்று அதில் இருக்கும். ஒரு வருடத்துக்கு 8,760 மணி. முப்பதாயிரம் என்று காட்டினால் மூன்றரை வருடம் நிற்காமல் உழைத்த டிஸ்க் என்று பொருள். இடம் மாற்றப்பட்ட செக்டர்கள், அதாவது கெட்டுப்போனதால் டிஸ்க் ஒதுக்கிவைத்த பகுதிகள், என்ற வரியில் பூஜ்யம் தவிர வேறு எண் இருந்து, அது ஏறிக்கொண்டும் போனால் அதில் குடும்பப் படங்களை வைக்காதீர்கள்.

உள்ளே என்ன போடுவது?

விண்டோஸிலேயே ஒரு போல்டரைப் பகிர முடியும். ஆனால் தானாக அப்டேட் ஆகி நள்ளிரவில் ரீஸ்டார்ட் ஆகும் மெஷின் சர்வர் வேலைக்குச் சரிப்படாது. நான் சொல்வது லினக்ஸ். பயப்பட வேண்டாம், திரையில் கட்டளைகளை மனப்பாடமாக அடிக்கும் வேலை அதிகம் இல்லை. ஓப்பன்மீடியாவால்ட் என்று ஓர் இலவச சிஸ்டம் இருக்கிறது. டெபியன் லினக்ஸின் மேல் கட்டப்பட்டது, இந்த ஒரு வேலைக்காகவே செய்யப்பட்டது. வேறொரு கம்ப்யூட்டரில் இறக்கி, பென் டிரைவில் எழுதி, பழைய மெஷினில் செருகி பூட் செய்தால் கேள்வி கேட்டுக்கொண்டே நிறுவிவிடும்.

இங்கே இரண்டு எச்சரிக்கை. ஒன்று, எந்த டிஸ்க்கில் நிறுவுகிறோமோ அதில் இருப்பது அத்தனையும் அழியும். பழைய கோப்புகளை முதலில் வெளியே எடுத்துவிட்டு, நிறுவும் நேரத்தில் மற்ற டிஸ்க்குகளின் கேபிளைக் கழற்றிவிடுங்கள். அப்போது தவறான டிஸ்க்கைத் தேர்ந்தெடுக்கவே வழியில்லை. இரண்டு, ஓப்பன்மீடியாவால்ட் தான் உட்காரும் டிஸ்க்கை முழுதாக எடுத்துக்கொள்ளும், அதில் கோப்பு வைக்க விடாது. அதற்காகத்தான் தனியாக அந்தச் சின்ன எஸ்எஸ்டி.

நிறுவி முடிந்ததும் மானிட்டர், கீபோர்ட், மவுஸ் எதுவும் வேண்டாம், கழற்றிவிடலாம். மெஷின் ரவுட்டரோடு கேபிளில் இணைந்திருந்தால் போதும். உங்கள் லேப்டாப்பிலோ போனிலோ பிரவுசரைத் திறந்து மெஷினின் முகவரியை, எங்கள் வீட்டில் 192.168.1.50, அடித்தால் கட்டுப்பாட்டுப் பக்கம் வரும். முதல் வேலை, அது வரும்போதே இருக்கும் பாஸ்வேர்டை மாற்றுவது.

192.168 என்று தொடங்கும் எண்கள் வீட்டுக்குள் மட்டும் செல்லுபடியாகும் முகவரிகள். பக்கத்து வீட்டிலும் இதே எண் இருக்கலாம், இரண்டும் மோதாது. இந்த எண்ணை ஒவ்வொரு கருவிக்கும் வழங்குவது ரவுட்டர். சும்மா விட்டால் அது ஒருநாள் 50 கொடுக்கும், இன்னொரு நாள் 53 கொடுக்கும், டிவி சர்வரைத் தேடிக்கொண்டு நிற்கும். ரவுட்டரின் அமைப்புப் பக்கத்துக்குப் போய், இந்த மெஷினுக்கு எப்போதும் இந்த எண் என்று ஒதுக்கிவிடுங்கள்.

அடுத்து, பெரிய டிஸ்க்கை அமைத்து, அதில் போல்டர்களை உண்டாக்கி, யார் எதைப் பார்க்கலாம் என்று சொல்ல வேண்டும். எங்கள் வீட்டில் படங்கள், வீடியோ, பாட்டு, ஆவணம் என்று நான்கு. முதல் மூன்றையும் எல்லோரும் பார்க்கலாம், ஆவணத்தை நானும் கணவரும் மட்டும். பிள்ளைகளுக்குப் படிக்க மட்டும் அனுமதி கொடுத்தேன், அழிக்க முடியாது. இந்த அனுமதிப் பட்டியலை அவசரமில்லாமல் ஒரு தாளில் எழுதிவைத்துக்கொண்டு செய்யுங்கள்.

இந்தப் போல்டர்களை விண்டோஸும் போனும் டிவியும் புரிந்துகொள்ளும் மொழியில் பரிமாறுவது சாம்பா என்ற மென்பொருள். நம் ஊர்ச் சம்பா அரிசிக்கும் இதற்கும் தொடர்பில்லை. 1992 வாக்கில் ஆஸ்திரேலியாவில் ஆண்ட்ரூ டிரிட்ஜெல் என்ற மாணவர் எழுதத் தொடங்கியது. கோப்புப் பகிர்வு நெறிமுறையின் பெயரில் இருக்கும் எஸ், எம், பி என்ற மூன்று எழுத்தும் வரிசையாக வரும் சொல்லை அகராதியில் தேடி இந்தப் பெயரை எடுத்தார். முப்பது வருடத்துக்கு மேலாகியும் உலகம் முழுக்க வீட்டு சர்வர்களும் அலுவலக சர்வர்களும் இதை நம்பி ஓடுகின்றன. ஓப்பன்மீடியாவால்ட்டில் ஒரு பெட்டியில் டிக் போட்டால் சாம்பா எழுந்துகொள்ளும். விண்டோஸ் கம்ப்யூட்டரில் போல்டர் திறக்கும் சன்னலின் மேல்பட்டையில் \\192.168.1.50 என்று அடித்துப் பாருங்கள். உங்கள் போல்டர்கள் வரிசையாக வந்து நிற்கும். முதல் முறை அதைப் பார்த்த ராத்திரி நான் தூங்கப் போகவில்லை, ஒவ்வொரு பென் டிரைவாகக் காலி செய்துகொண்டிருந்தேன். ஆண்ட்ராய்டில் விஎல்சி, ஐபோனில் ஃபைல்ஸ் ஆப் இரண்டும் இதே முகவரியைத் திறக்கும்.

படம் பார்ப்பது எப்படி வேறுபடுகிறது?

கோப்பை எடுத்துக் கொடுப்பதோடு சாம்பாவின் வேலை முடிந்தது. டிவியில் போஸ்டர்களோடு அடுக்கி, விட்ட இடத்திலிருந்து தொடர, தங்கை பார்த்தது வேறு தம்பி பார்த்தது வேறு என்று நினைவு வைத்துக்கொள்ள இன்னொரு மென்பொருள் வேண்டும். பிளெக்ஸ், எம்பி, ஜெல்லிஃபின் என்று சில உண்டு. நான் வைத்திருப்பது ஜெல்லிஃபின். எம்பி தன் மூலநிரலை மூடியபோது, 2018 டிசம்பரில் அதிலிருந்து கிளைத்தது. முழுக்க இலவசம், யாரிடமும் கணக்கு தொடங்க வேண்டாம், இன்டர்நெட் இல்லாவிட்டாலும் ஓடும். ஓப்பன்மீடியாவால்ட்டில் இதை டாக்கர் என்ற முறையில் போட வேண்டும். கொஞ்சம் படித்துச் செய்யும் வேலை, முதல் நாளே வேண்டாம். சாம்பா ஒரு வாரம் ஒழுங்காக ஓடிய பிறகு தொடங்குங்கள். டிவியில் ஜெல்லிஃபின் ஆப்பைப் போட்டு, முகவரியோடு 8096 என்ற வாசல் எண்ணைச் சேர்த்துக் கொடுத்தால் இணைந்துவிடும்.

இங்கேதான் பழைய மெஷினின் சக்தி தெரியவரும். மறுபடி ஓட்டலுக்குப் போவோம். நீங்கள் கேட்ட இட்லி தயாராக இருக்கிறது, தட்டில் வைத்து நீட்டினால் சர்வருக்கு ஒரு நொடி வேலை. ஆனால் ஒருவர், ‘எனக்கு மிளகாய் ஆகாது, இந்தக் குழம்பைக் காரமில்லாமல் வேறு மாதிரி வேண்டும்’ என்றால், அடுப்பைப் பற்றவைத்துப் புதிதாகச் செய்ய வேண்டும். வீடியோவிலும் அப்படித்தான். உங்கள் டிவிக்குப் புரியும் வடிவத்தில் கோப்பு இருந்தால் சர்வர் அப்படியே அனுப்பும். பதினைந்து வருடப் பழைய பிராசசருக்கும் அது ஒரு சுமையே இல்லை. டிவிக்குப் புரியாத வடிவம் என்றால் ஓட ஓட மாற்றிக் கொடுக்க வேண்டும். இதற்குப் பெயர் டிரான்ஸ்கோடிங். 4கே படத்தை இப்படி மாற்றச் சொன்னால் பழைய பிராசசர் திணறும், ஃபேன் கத்தும், டிவியில் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும்.

வழி இரண்டு. கோப்புகளை முன்கூட்டியே எல்லா டிவிக்கும் புரியும் எச்.264 வடிவத்துக்கு மாற்றி வைத்துவிடலாம். 2003-இல் வந்த வடிவம் என்பதால் அதைப் புரிந்துகொள்ளாத கருவியைக் காண்பது அரிது. ஹேண்ட்பிரேக் என்ற இலவச மென்பொருள் இதைச் செய்யும். ராத்திரி ஓடவிட்டால் காலையில் தயார். அல்லது, மாற்றும் வேலைக்கென்றே தனி உறுப்பு உள்ள பிராசசரைத் தேர்ந்தெடுக்கலாம். இன்டெல் 2011 முதல் குயிக் சிங்க் என்ற பெயரில் அதைக் கொடுத்துவருகிறது. புதிய எச்.265 கோப்புகளையும் சிரமமில்லாமல் கையாள வேண்டுமென்றால் ஏழாம் தலைமுறை இன்டெல் அல்லது அதற்குப் பிந்தையதாகப் பாருங்கள். என்னிடம் இருப்பது அதைவிடப் பழையது, அதனால் முதல் வழிதான் எனக்கு.

வசந்தி கல்யாண சிடியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், பல வீடுகளில் இப்படி ஒன்று இருக்கும். அந்தக் காலத்து வீடியோ சிடியைத் திறந்தால் உள்ளே .டாட் என்று முடியும் பெரிய கோப்பு ஒன்று இருக்கும். அது சாதாரண எம்பெக்-1 வீடியோதான், விஎல்சி அப்படியே ஓட்டும். அகலம் 352 புள்ளி, உயரம் 288 புள்ளி. இன்றைய டிவியில் முகங்கள் கொஞ்சம் கலங்கித்தான் தெரியும். அதைப் பெரிதாக்கிக் கெடுக்காமல் அதே அளவில் மாற்றி வையுங்கள், மூலக் கோப்பையும் தூக்கிப் போடாதீர்கள். நம் ஊர் ஈரப்பதத்தில் சிடியின் பளபளப்பு உரிந்து ஊசித் துளை விழும். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் தெரியும். எங்கள் இரண்டாவது சிடியில் நான்கைந்து துளைகள் இருந்தன. தாலி கட்டும் இடத்துக்குக் கொஞ்சம் முன்னால் படம் உடைந்து உடைந்து வந்தது, அப்புறம் சரியானது. இன்னும் இரண்டு வருடம் விட்டிருந்தால் அதுவும் கிடைத்திருக்காது. உங்கள் வீட்டில் சிடி இருந்தால், சர்வர் அமைப்பதற்கு முன்பே அதை யாரிடமாவது கொடுத்துக் கோப்பாக எடுத்துவிடுங்கள்.

ஜெல்லிஃபினில் இதை வைக்கும்போது, சினிமா நூலகத்தில் போடாமல் வீட்டு வீடியோ என்ற வகையில் தனி நூலகம் தொடங்குங்கள். சினிமா வகையில் போட்டால் அது இன்டர்நெட்டில் தேடி ஏதோ ஒரு வெளிநாட்டுப் படத்தின் போஸ்டரை ஒட்டிவிடும். நீங்கள் காசு கொடுத்து வாங்கிய டிவிடிகளிலிருந்து எடுத்த சினிமாக்களுக்கு ஒவ்வொன்றுக்கும் ஒரு போல்டர், அதில் படத்தின் பெயர், அடைப்புக்குறிக்குள் வந்த ஆண்டு என்று வைத்தால் சரியாகக் கண்டுபிடிக்கும். ஒரே பெயரில் இரண்டு மூன்று படம் வரும் நம் சினிமாவுக்கு ஆண்டு அவசியம். பாட்டுக்கும் ஒரு வார்த்தை: இசையமைப்பாளர் பெயரை ஒரே எழுத்துக்கூட்டலில் வையுங்கள். எங்கள் தொகுப்பில் இளையராஜா ஆங்கிலத்தில் நாலு விதமாக எழுதப்பட்டு நாலு ஆட்களாக நின்றார். தமிழிலேயே எழுதினால் அந்தச் சிக்கல் இல்லை, லினக்ஸும் சாம்பாவும் தமிழ்ப் பெயர்களை நன்றாகக் கையாளும்.

வேகத்தைப் பற்றி ஒரு குழப்பம்

‘எங்கள் நெட் 50 எம்பிதான், சர்வர் ஓடுமா?’ என்று பலர் கேட்கிறார்கள். வெளியிலிருந்து வீட்டுக்கு வரும் வேகம் வேறு, வீட்டுக்குள் ஓடும் வேகம் வேறு. சர்வரிலிருந்து டிவிக்குப் போகும் படம் உங்கள் இன்டர்நெட் இணைப்பைத் தொடுவதே இல்லை. ரவுட்டரோடு நின்றுவிடுகிறது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது கரண்ட் வந்த பிறகும் நெட் வராமல் எத்தனையோ வீடுகள் உட்கார்ந்திருந்தன. வீட்டுக்குள் சர்வர் இருந்தால் அந்த நாட்களிலும் பிள்ளைகளுக்குப் படம் ஓடும்.

வீட்டுக்குள் வேகம் எதைப் பொறுத்தது என்றால் கேபிளையும் ரவுட்டரின் வாசலையும். 4 ஜிபி கோப்பு ஒன்றை கிகாபிட் கேபிள் வழியாக அனுப்பினால் முக்கால் நிமிடத்துக்குள் போய்விடும். விலை குறைந்த ரவுட்டர்களில் இருக்கும் 100 மெகாபிட் வாசல் என்றால் ஆறு நிமிடம். சர்வரை வைஃபையில் விடாதீர்கள். போன் வைஃபையில் இருக்கலாம், சர்வருக்குக் கேபிள்தான்.

கரண்ட், கத்திரி வெயில், ஐப்பசி மழை

கரண்ட் போய் வந்ததும் சர்வர் தானாக எழ வேண்டும். டெஸ்க்டாப்பின் பயாஸில், அதாவது ஆன் செய்ததும் முதலில் வரும் அடிப்படை அமைப்புத் திரையில், மின்சாரம் திரும்பியதும் என்ன செய்ய வேண்டும் என்று ஒரு வரி இருக்கும். அதை ஆன் என்று மாற்றுங்கள். வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தால் அதன் பின்பக்கம் யூபிஎஸ் மோட் என்று ஒரு சுவிட்ச் இருக்கிறதா பாருங்கள். சாதாரண நிலையில் மாறுவதற்கு எடுக்கும் அந்தக் கண்ணிமைப்பு நேரத்திலேயே டெஸ்க்டாப் அணைந்துவிடும், யூபிஎஸ் மோடில் அணையாது. கோப்பு எழுதிக்கொண்டிருக்கும்போது திடீரென்று அணைவதுதான் டிஸ்க்குக்குக் கெடுதல்.

இடத்தை யோசித்துத் தேர்ந்தெடுங்கள். பரண் பூட்டிவைக்க வசதி, ஆனால் மொட்டை மாடிக்குக் கீழே இருக்கும் பரண் மே மாதத்தில் அடுப்பு. டிஸ்க் 45 டிகிரிக்குள் இருந்தால் நல்லது, 50-ஐத் தாண்டினால் காற்றோட்டம் போதவில்லை என்று எடுத்துக்கொள்ளலாம். ஓப்பன்மீடியாவால்ட்டே வெப்பத்தைக் காட்டும். தரையும் கூடாது. 2015 டிசம்பர் வெள்ளத்தில் முடிச்சூரில் இருக்கும் என் சித்தப்பா வீட்டுக்குள் முதலில் தண்ணீர் தொட்டது மேசைக்கடியில் இருந்த கம்ப்யூட்டரை. பத்து வருடப் படங்கள் அதில் இருந்தன. எங்கள் சர்வர் இப்போது ஹாலில் ரவுட்டருக்குப் பக்கத்தில், நெஞ்சு உயர அலமாரியில், இரண்டு பக்கமும் ஒரு சாண் இடம் விட்டு நிற்கிறது. கடற்கரை ஓரத்து வீடு என்றால் உப்புக் காற்று வரும் சன்னலிலிருந்து தள்ளி வையுங்கள், ராம் தகடும் கேபிள் முனையும் பச்சை பூத்துவிடும்.

வெளியூரிலிருந்து பார்ப்பது

இதில் நான் பிடிவாதமாக ஒன்று சொல்வேன். ரவுட்டரில் ஓட்டை போட்டு சாம்பாவை இன்டர்நெட்டுக்குத் திறக்காதீர்கள். 2017 மே மாதம் உலகத்தை உலுக்கிய வான்னாகிரை என்ற வைரஸ், பிரிட்டன் ஆஸ்பத்திரிகள் வரை முடக்கியது, இதே கோப்புப் பகிர்வு நெறிமுறையின் பழைய பதிப்பில், விண்டோஸில் இருந்த ஓட்டை வழியாகத்தான் பரவியது. திறந்த வாசலைத் தட்டிப் பார்க்கும் நிரல்கள் இன்றும் இருபத்துநாலு மணி நேரமும் ஓடிக்கொண்டிருக்கின்றன.

அதற்குப் பதிலாக டெய்ல்ஸ்கேல் போன்ற ஒன்றை சர்வரிலும் உங்கள் போனிலும் போடுங்கள். தனிப்பட்ட பயன்பாட்டுக்கு இலவசம். வயர்கார்டு என்ற பூட்டிய குழாய்தான் அதன் அடிப்படை. எங்கே இருந்தாலும் போன் தான் வீட்டுக்குள் இருப்பதாகவே நினைத்துக்கொள்ளும். நம் ஊரில் பல நிறுவனங்கள் ஒரே பொது முகவரியைப் பல வீடுகளுக்குப் பகிர்ந்து கொடுப்பதால் ரவுட்டரில் வாசல் திறந்தாலும் வேலை செய்யாது. டெய்ல்ஸ்கேலுக்கு அந்தத் தடை இல்லை.

டிஸ்க் ஒருநாள் போகும்

பழைய மெஷின் ஒருநாள் நின்றுபோகும். புதிய டிஸ்க்கும் ஒருநாள் போகும். அதை ஏற்றுக்கொண்டுதான் இதில் இறங்க வேண்டும். மெஷின் போனால் இன்னொரு மெஷின், படங்கள் போனால் போனதுதான்.

இரண்டு டிஸ்க்கைக் கண்ணாடி மாதிரி ஒன்றையொன்று நகலெடுக்க வைக்கும் ரெய்டு முறை இருக்கிறது. நான் முதலில் அதைத்தான் அமைத்து, பத்திரமாக இருக்கிறோம் என்று நம்பினேன். ஒருநாள் பழைய போல்டர்களைச் சுத்தம் செய்யும்போது மகளின் யுகேஜி ஆண்டுவிழா போல்டரை அழித்துவிட்டேன். அதே நொடியில் இரண்டாவது டிஸ்க்கிலும் அழிந்தது. கண்ணாடி தன் வேலையைச் சரியாகத்தான் செய்தது. ஒரு டிஸ்க் செத்தால் மற்றது ஓட ரெய்டு உதவும். தவறாக அழித்ததிலிருந்தும் வைரஸிலிருந்தும் வெள்ளத்திலிருந்தும் அது காக்காது. அந்த விழாவின் படங்கள் பிறகு இன்னொரு தாயின் போனிலிருந்து பாதி கிடைத்தன.

அதற்குப் பிறகு 3-2-1 என்ற முறைக்கு வந்தேன். எதுவும் மூன்று பிரதி, இரண்டு வேறு சாதனங்களில், அதில் ஒன்று வீட்டுக்கு வெளியே. ஓப்பன்மீடியாவால்ட்டில் ஆர்சிங்க் என்று ஒரு சேவை இருக்கிறது. சாம்பாவை எழுதிய அதே டிரிட்ஜெல் 1996-இல் பால் மெக்கராஸுடன் சேர்ந்து செய்தது. முன்பு நகலெடுத்ததோடு ஒப்பிட்டு, மாறியதை மட்டும் அனுப்பும். முதல் தடவை இரவு முழுக்க ஓடும், அடுத்த தடவை சில நிமிடம். எங்கே அழித்தாலும் நகலிலும் அழி என்ற தேர்வை மட்டும் அணைத்து வையுங்கள்.

வாரம் ஒருமுறை வெளி டிஸ்க்கைச் செருகி ஆர்சிங்க் ஓட்டுகிறேன், முடிந்ததும் கழற்றி பீரோவில் வைத்துவிடுகிறேன். செருகியே இருந்தால் மின்னலுக்கும் வைரஸுக்கும் அதுவும் சேர்ந்து போகும். மூன்றாவது பிரதி தாம்பரத்தில் அண்ணன் வீட்டு முதல் மாடியில் இருக்கிறது. சித்திரை வருடப்பிறப்புக்கும் தீபாவளிக்கும் நாங்கள் எப்படியும் ஒருவர் வீட்டுக்கு ஒருவர் போவோம். அப்போது டிஸ்க்கை மாற்றிக்கொள்கிறோம். போன தீபாவளிக்கு மாற்றும் முன் அண்ணன் டிவியில் அதைச் செருகி, வசந்தி கல்யாணத்திலிருந்து பத்து நிமிடம் ஓட்டிப் பார்த்தோம், பிரதி திறக்கிறதா என்று சோதிக்க. அத்தை பக்கத்தில் உட்கார்ந்து, மணவறைக்குப் பின்னால் நிற்பவர்களின் பெயரையெல்லாம் ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு வந்தார். அந்தப் பெயர்களை ஒரு கோப்பில் எழுதி வீடியோவுக்குப் பக்கத்திலேயே வைத்திருக்கிறேன்.